காலையில் மட்டும் விழும் ட்ரிப்பர்

ட்ரிப்பர் விழுகிற சத்தம் பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. 'டக்' என்று ஒன்று கேட்கும், அவ்வளவுதான். அதற்குப் பிறகு மோட்டர் இரைச்சல் மெல்ல அடங்கி நின்றுபோகும். எங்கள் அடுக்ககத்தில் நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் பம்ப் ரூம், அதற்கு நேர் மேலே முதல் மாடியில் என் சமையலறை ஜன்னல். அந்த 'டக்' கேட்டால் கையில் இருக்கிற காப்பி டம்ளரை அப்படியே மேடையில் வைத்துவிடுவேன். அன்றைய காலை அதோடு முடிந்தது என்று அர்த்தம்.

நீச்சல் குளம் என்றதும் என்னைப் பெரிய பணக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். நாவலூர் பக்கம் இப்போது கட்டுகிற அடுக்ககங்களுக்குக் குளம் இல்லாமல் விளம்பரமே போடுவதில்லை. குடிக்கிற தண்ணீர் லாரியில் வருகிறது, கீழே ஒரு குளம் நீலமாகப் பளபளக்கிறது. வீடு வாங்கிய புதிதில் இதைச் சொல்லிச் சொல்லிக் கிண்டல் பண்ணியவள் நான். அதே குளத்துக்கு முன்னால் கைகட்டி நிற்கிற நிலைமை எனக்கு அப்பாவால் வந்தது.

அப்பா அரசு பஸ் டிரைவர். தாம்பரத்திலிருந்து கிளம்புகிற வண்டிகளை ஓட்டியே ஓய்வு பெற்றவர். சின்ன வயதில் லீவு நாட்களில் என்னை எஞ்சின் மூடிக்குப் பக்கத்தில் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு போவார். சூடு தாங்காது, ஆனாலும் இறங்க மாட்டேன். கண்டக்டர் பின்னாலிருந்து "போலாம், ரைட்" என்று குரல் கொடுக்காமல் வண்டியை ஓர் அங்குலம் நகர்த்த மாட்டார் அப்பா. எவ்வளவு ஹாரன் அடித்தாலும், யார் திட்டினாலும் அப்படியே உட்கார்ந்திருப்பார். அம்மா போன பிறகு பம்மல் வாடகை வீட்டைக் காலி பண்ணிவிட்டு என்னோடு வந்துவிட்டார். வீட்டில் நானும் அவரும்தான்.

ஒரு நாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் வாஷ்பேசினைப் பிடித்தபடியே சரிந்தார். பக்கவாதம். வலது கையும் வலது காலும் போயிற்று. பேச்சும் போயிற்று. மண்டைக்குள் எல்லாம் புரிகிறது, வாயில்தான் வரவில்லை என்றார் டாக்டர். மிஞ்சியது ஒரே ஒரு சொல், 'ரைட்'. பசித்தாலும் அதுதான், வலித்தாலும் அதுதான், டிவி சேனலை மாற்று என்பதற்கும் அதுதான். எது எந்த ரைட் என்று குரலை வைத்துக் கண்டுபிடிக்கப் பழகிக்கொண்டேன். பெரும்பாலும் தப்பாகத்தான் கண்டுபிடித்தேன்.

பிசியோதெரபி கொடுக்க வீட்டுக்கு வந்த பெண்தான் ஜன்னல் வழியாகக் குளத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "மேடம், அப்பாவ தண்ணிக்குள்ள நிக்க வெச்சுப் பாக்கலாமே. வெயிட் தெரியாது, கால் ஈஸியா வரும்." சங்கத்துச் செயலாளரிடம் அனுமதி கேட்டேன். அவர் ரிட்டயர்டு பேங்க் ஆபீசர், எதையும் யோசித்துத்தான் சொல்லுவார். யோசித்தார். நீச்சல் உடை இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது என்று போர்டு இருக்கிறதாம். 'ஒரு பக்கம் விழுந்துபோன மனுஷனுக்கு எந்தக் கடையில் சார் நீச்சல் உடை வாங்குவது' என்று கேட்டேன். கடைசியில், மற்றவர்கள் வருவதற்கு முன்னால் விடிகாலையில் வந்துவிட்டுப் போய்விட வேண்டும் என்று பெரிய மனது பண்ணினார்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கிய பழைய சக்கர நாற்காலியில் அவரை உட்கார வைத்துக் கீழே கொண்டுபோனோம். வாட்ச்மேன் அண்ணன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், அவரைப் பிடித்துக் குளத்துப் படியில் ஒவ்வொன்றாக இறக்கினோம். தண்ணீர் மார்பு வரைக்கும் வந்ததும் அப்பாவின் முகம் மாறியது. தரையில் கட்டை மாதிரி கிடந்த கால் தண்ணீருக்குள் தானாக மிதந்து முன்னால் வந்தது. ஓர் அடி. "ரைட்" என்றார். இன்னோர் அடி. மறுபடி "ரைட்." சுவர்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த ஓரத்திலிருந்து இந்த ஓரம் வரைக்கும் நடந்தார். நான் அழுதேன். முகமெல்லாம் ஈரமாக இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

அப்புறம் தினமும் போனோம். நாளாக ஆகத் தரையிலும் வாக்கரைப் பிடித்து நாலு எட்டு வைத்தார். பாத்ரூம் வரைக்கும் தானே போய்வந்துவிட வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. அதை அவர் சொல்லவில்லை. நான் அவரைத் தூக்கி உட்கார வைக்கும்போது கண்ணை மூடிக்கொள்வதில் தெரிந்தது. ஒரு மகளிடம் அந்த உதவியை வாங்கிக்கொள்வது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குப் புரிந்தது. இன்னும் கொஞ்சம் நாள்தான் என்று இருவருமே நம்பினோம்.

ஆயுத பூஜை வந்தது. காலையிலேயே சந்தனம் குழைக்கச் சொல்லி நச்சரித்தார். ரைட், ரைட், ரைட். வீட்டில் எல்லாவற்றுக்கும் அவரே பொட்டு வைத்தார். வலது கையால் வைத்துப் பழகியவருக்கு இடது கை சொன்னபடி கேட்கவில்லை. வைத்த இடத்திலிருந்து சந்தனம் இடப்பக்கமாகக் கீழே இழுத்துக்கொண்டு போயிற்று. பிரிட்ஜ், மிக்ஸி, என் ஸ்கூட்டர், அவருடைய சக்கர நாற்காலி, எல்லாவற்றிலும் வால் முளைத்த பொட்டு. சரஸ்வதி படத்துக்கு முன்னால் புத்தகங்களோடு அடுக்கிவைத்த என் லேப்டாப்பிலும் ஒன்று. பூஜையில் வைத்ததை அன்றைக்குத் தொடக் கூடாது. அது அமெரிக்காவில் இருக்கிற கிளையண்டுக்கு எங்கே தெரியப்போகிறது. அவசர மீட்டிங் என்று கூப்பிட்டான். கன்னத்தில் போட்டுக்கொண்டு லேப்டாப்பை எடுத்தேன்.

நான் மீட்டிங்கில் இருந்தபோது கீழே சங்கத்துப் பூஜை. கேட், லிஃப்ட், ஜெனரேட்டர், பம்ப் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து மாலை போட்டுப் பூசணிக்காய் உடைப்பார்கள். வாட்ச்மேன் அண்ணன் வந்து அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது கையெல்லாம் குங்குமம், மடியில் பொரி, முகத்தில் டிப்போவில் பூஜை முடித்துவிட்டு வருவாரே அந்தக் காலத்துச் சிரிப்பு. ரொம்ப நாள் கழித்து அந்தச் சிரிப்பைப் பார்த்தேன்.

மறுநாள் காலை ட்ரிப்பர் விழுந்தது.

ட்ரிப்பர் என்பது ஒரு காவல்காரன். கரண்ட் போக வேண்டிய வழியை விட்டு எங்காவது கசிந்தால், யாருக்கும் ஷாக் அடிப்பதற்குள் இணைப்பை அறுத்துவிடும். தண்ணீர் இருக்கிற இடத்தில் அது இல்லாமல் இருக்கவே கூடாது, அது விழுந்தால் யாரும் தண்ணீரில் இறங்கவும் கூடாது. இதெல்லாம் எனக்கு அதற்கு முன் தெரியாது. அந்த நாட்களில் படித்துத் தெரிந்துகொண்டேன். என் வேலையே கம்ப்யூட்டரில் எங்கே கோளாறு என்று கண்டுபிடிப்பதுதான். கடல் தாண்டி இருக்கிறவன் சிஸ்டத்தை இங்கே உட்கார்ந்து சரிபண்ணிவிடுவேன். கீழே கண்ணெதிரே இருக்கிற ஒரு மோட்டரிடம் என் பாச்சா பலிக்கவில்லை.

சங்கத்து எலக்ட்ரீஷியன் மதியம் வந்தார். பெட்டியைத் திறந்து மேலும் கீழும் பார்த்தார். "ட்ரிப்பர் வீக் ஆயிடுச்சு மேடம். புச்சா ஒண்ணு போட்டா சரியாப் பூடும்." புதுசு போட்டார். மோட்டர் ஓடியது. கும்பிடு போட்டு அனுப்பினேன். அடுத்த நாள் காலை அப்பாவைக் கிளப்பி, துண்டை எடுத்துத் தோளில் போடுகிறேன், 'டக்.'

பம்ப் கம்பெனியிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரச் சொன்னோம். அவர் வந்து சேரும்போது உச்சி வெயில். போட்டதும் மோட்டர் ஜம்மென்று ஓடியது. சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார், ஸ்விட்ச் போர்டில் மீட்டர் வைத்துப் பார்த்தார். "மோட்டர் கல்லு மாதிரி இருக்கு. எதுக்குக் கூப்பிட்டீங்க?" என்று என்னையே கேட்டார். காலையில் வந்து பாருங்கள் என்றேன். காலையில் அவருக்கு வேறு வேலை இருக்கிறதாம். இப்படித்தான், ஆள் வருகிறபோது சமர்த்தாக ஓடும், ஆள் போனதும் விழும். அதற்கு என்மேல் தனி விரோதம் என்றே நினைத்தேன்.

எர்த் சரியில்லை என்றார் ஒருவர். குழியில் உப்பும் கரியும் கொட்டித் தண்ணீர் ஊற்றினார்கள். குளத்து விளக்கில் கோளாறு என்றார் இன்னொருவர், விளக்கைக் கழற்றினார்கள். அடுக்ககத்து வாட்ஸ்அப் குழுவில் ஆளுக்கொரு யோசனை. எலுமிச்சம்பழம் கட்டச் சொன்னார்கள், எலி கடித்திருக்கும் என்றார்கள். அந்தக் குளத்தை மூடிவிட்டு அங்கே கார் நிறுத்தலாம் என்று ஒருத்தர் எழுதினார். அவருக்கு இரண்டு கார். எதையும் போட்டு உடைக்க வேண்டும் போல் இருந்தது.

காலையில் விழுந்த மோட்டரைப் பயத்தில் யாரும் மறுபடி போடவில்லை, அதனால் தண்ணீர் சுற்றவில்லை. முதலில் கலங்கியது, பிறகு பாசி பிடித்துப் பச்சையாயிற்று. குளத்தை மூடி வாசலில் கயிறு கட்டிவிட்டார்கள்.

அப்பா கேட்கவில்லை. தினமும் விடிகாலையில் தன்னைக் கீழே கொண்டுபோகச் சொல்லி அடம். நாற்காலியைக் கயிற்றோரம் நிறுத்துவேன். பம்ப் ரூமையே பார்த்துக்கொண்டிருப்பார். இடது கை விரலை அந்தப் பக்கம் நீட்டுவார், பிறகு அதே விரலால் நெற்றி நடுவில் தொடுவார். "ரைட்" என்பார். என்னைப் பார்ப்பார். மறுபடி பம்ப் ரூம், மறுபடி நெற்றி. "ஆமாம்பா, தலையெழுத்துதான், என்ன பண்றது" என்பேன். அவர் தலையை வேகமாக ஆட்டுவார். நெற்றியில் இன்னும் அழுத்தித் தொடுவார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியைத் திருப்பிவிடுவேன்.

கால் பழையபடி இறுக ஆரம்பித்தது. பிசியோதெரபிப் பெண் முழங்காலை மடக்கிப் பார்த்துவிட்டு எழுந்தாள். வாசலில் வந்துதான் சொன்னாள். "இப்படியே விட்டா வந்ததும் போயிடும் மேடம். சீக்கிரம் தண்ணியில இறக்கப் பாருங்க." வாக்கரில் நாலு எட்டு வைத்தவர் இரண்டு எட்டில் நின்றார். பிறகு அதுவும் இல்லை.

ஒரு சனிக்கிழமை காலை, லேசான தூறல். தினமும் நான் போன் பண்ணிப் பண்ணித் தொந்தரவு தாங்காமல் செயலாளர் எலக்ட்ரீஷியனைக் காலையிலேயே வரவழைத்திருந்தார். நானும் வாட்ச்மேன் அண்ணனும் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனோம். எலக்ட்ரீஷியன் போட்டுப் பார்த்தார். 'டக்.' தூக்கிவிட்டார். 'டக்.' மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"இத்தோட பெரிய பேஜாரா கீது சார். இந்த ட்ரிப்பர தூக்கிட்டு டைரக்டா குட்துட்றேன். மோட்டர் அது பாட்டுக்கு ஓடிக்கினு இருக்கும். நெறைய எடத்துல அப்டிதான் ஓடிக்கினு கீது."

செயலாளர் என்னைப் பார்த்தார். "மேடம், உங்க ஃபாதர்தான் மெயினா யூஸ் பண்றார். நீங்க ஓகேன்னு சொன்னா இன்னிக்கே பண்ணிடலாம்."

உலகத்திலேயே அந்த மோட்டர் ஓட வேண்டும் என்று என்னைவிட அதிகமாக விரும்பியவர் யாரும் இல்லை. சரி என்ற சொல் நாக்கு நுனியில் நின்றது. ஆனால் அந்தத் தண்ணீரில் மார்பு வரைக்கும் நிற்கப்போவது அப்பா. கம்பியைப் பிடித்திருக்கப்போவதும் அவர் கைதான். எங்கேயோ கரண்ட் கசிகிறது, எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை, அதைத் தடுக்கிற ஒரே சாமானையும் எடுத்துவிடலாம் என்கிறார்கள்.

"வேணாம்" என்றேன்.

"அப்ப வேற என்ன பண்ணலாம்னு நீங்களே சொல்லுங்க" என்றார் செயலாளர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஐந்து பேரும் தூறலில் நனைந்துகொண்டு நின்றோம். அத்தனை நாளில் எனக்கு எல்லாம் கைவிட்டுப் போயிற்று என்று தோன்றியது அப்போதுதான். இனி யாரைக் கூப்பிடுவது, யாரிடம் கெஞ்சுவது என்றுகூடத் தெரியவில்லை.

நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. அப்பா இடது காலால் தரையை உதைத்து உதைத்துப் பம்ப் ரூமை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போயிற்று, இடது கையால் சக்கரத்தைப் பிடித்து நேராக்கினார். ரூம் வாசலில் பம்ப் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. மெயின் அணைத்தாயிற்றா என்று நான் எலக்ட்ரீஷியனைக் கேட்டேன், அவர் ஆமாம் என்றார். அதற்குள் அப்பா குனிந்து, பம்ப் மேல் ஒயர் வந்து சேருகிற சின்னப் பெட்டியைப் பிடித்துவிட்டார். அதன் மூடி ஒரே ஒரு ஸ்க்ரூவில் தொங்கிக்கொண்டிருந்தது. விரலால் அதை ஒதுக்கினார்.

முதலில் வந்தவர் பார்த்திருப்பார் என்று இரண்டாமவர் அதைத் திறக்கவில்லை. இரண்டாமவர் பார்த்திருப்பார் என்று அதற்கடுத்து வந்தவரும் திறக்கவில்லை.

உள்ளே, ஒயர்கள் முறுக்கியிருக்கும் இடத்தில், சந்தனம் அப்பியிருந்தது. அதன்மேல் கறுத்துப்போன குங்குமம். ஒரு சாமந்தி இதழ் ஒட்டிக்கொண்டிருந்தது. எல்லாம் ஈரத்தில் ஊறிச் சொதசொத என்றிருந்தது. பொட்டின் வால் இடப்பக்கமாகக் கீழே இழுத்துக்கொண்டு போய் இரும்பைத் தொட்டிருந்தது.

"இன்னாய்யா இது, கனெக்‌ஷன் பாக்ஸ்ல பொட்டு வெச்சிகீறீங்க" என்றார் எலக்ட்ரீஷியன்.

வாட்ச்மேன் அண்ணன் முன்னால் வந்தார். "அய்யாதான் வெச்சாரு. பூஜை அன்னிக்குத் தட்ட நான்தான் புடிச்சிகினு இருந்தேன். சாமி காரியம், இன்னா ஆவப் போவுதுன்னு வுட்டுட்டேன்."

அப்பாவின் பழைய பழக்கம் அது. டிப்போவில் பஸ்ஸுக்கு வெளியே எல்லோரும் பொட்டு வைப்பார்கள். அது மழையில் போய்விடும் என்று அப்பா எஞ்சின் மூடியைத் திறந்து உள்ளே ஒன்று வைப்பார். வெளியே இருப்பது பார்க்கிறவர்களுக்கு, உள்ளே இருப்பதுதான் வண்டிக்கு என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். தன்னை நடக்க வைத்த மோட்டருக்கும் உள்ளே ஒன்று வைத்திருக்கிறார். ராத்திரிப் பனியில் சந்தனம் ஊறியதும் கரண்ட் அதன் வழியாக இரும்புக்குக் கசிந்திருக்கிறது. மதிய வெயிலில் காய்ந்ததும் மோட்டர் நல்ல பிள்ளையாக ஓடியிருக்கிறது.

அப்பா பெட்டிக்குள் காட்டினார். நெற்றி நடுவில் தொட்டார். பிறகு தன் மார்பைத் தொட்டு, அதன்மேல் முஷ்டியால் அடித்துக்கொண்டார். "ரைட்" என்றார். குரல் உடைந்திருந்தது.

ட்ரிப்பர் விழுந்த முதல் நாளிலேயே அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒவ்வொரு காலையும் என்னிடம் பொட்டு, பொட்டு என்று சொல்லியிருக்கிறார். நான் ஒவ்வொரு காலையும் தலையெழுத்து என்று அவருக்கே ஆறுதல் சொல்லியிருக்கிறேன்.

பெட்டியைச் சுரண்டித் துடைத்து, காயவைத்து, ஸ்க்ரூ எல்லாம் போட்டு இறுக்கினார்கள். அதற்குப் பிறகு ட்ரிப்பர் விழவில்லை. செயலாளர் அப்பாவிடம், "பரவாயில்ல சார், எங்க வீட்டு லேப்டாப்புக்கே பொட்டு வெச்சிருக்கோம்" என்றார். அவர்மேல் இருந்த கோபத்தில் பாதி அன்றைக்குக் குறைந்தது. ஆனால் பச்சைத் தண்ணீர் தெளிவதற்குள் அடைமழை பிடித்துக்கொண்டது. மழை விட்டு, கயிற்றை அவிழ்க்கிற வரைக்கும் அப்பா வீட்டுக்குள்ளேயே கிடந்தார். கால் கட்டையாகிவிட்டது.

குளம் திறந்த அன்று கீழே கொண்டுபோனேன். படிக்கட்டுக்கு முன்னால் வந்ததும் இடது காலைத் தரையில் ஊன்றி நாற்காலியை நிறுத்திவிட்டார். பிரேக் போடுவதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தள்ளினேன், நகரவில்லை. பேசிப் பார்த்தேன். "உன் மேல தப்பே இல்லப்பா. மூடிய ஒழுங்கா மூடாதவன் தப்பு அது." முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அதட்டினேன், கெஞ்சினேன். அவர் தனக்குத் தானே தண்டனை கொடுத்துக்கொள்கிறார் என்று தெரிந்தது. அதை நிறுத்த எனக்கு வழி தெரியவில்லை. வாட்ச்மேன் அண்ணன் குளத்தைப் பார்த்தபடி நின்றார்.

நாற்காலியின் பின்னால் தலையைக் கவிழ்த்துக்கொண்டு நின்றேன். கண்முன்னே அவருடைய பின்கழுத்து. எஞ்சின் மூடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்த்த அதே கழுத்து, இப்போது மெலிந்திருந்தது. எப்படி அது என் வாயில் வந்தது என்று தெரியாது. கண்டக்டர் மாதிரி, சத்தமாக, பின்னாலிருந்து சொன்னேன்.

"போலாம், ரைட்."

ஊன்றிய கால் மெல்லத் தரையிலிருந்து எழுந்தது.

தண்ணீரில் இறக்கினோம். கம்பியைப் பிடித்துக்கொண்டார். இடது கால் முன்னால் போயிற்று, வலது கால் வரவில்லை. "ரைட்" என்றேன். வரவில்லை. மறுபடி சொன்னேன். தண்ணீருக்குள் அது ஒரு சாண் இழுபட்டு வந்து நின்றது. அப்பா என்னைப் பார்க்கவில்லை, பம்ப் ரூமைப் பார்த்தார். மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றுவிடுமோ என்று காதைத் தீட்டியபடி இருவரும் அடுத்த அடிக்காக நின்றோம்.